டயர் கிடைத்த அளவுக்கு வண்டி: தீயணைப்பு வண்டி மாடல் கட்ட எது தோது?

செங்கோட்டையில் என் மேசை மேல் மூன்று தீயணைப்பு வண்டிகள் நிற்கின்றன. முதல் வண்டி முழுக்க சன்போர்டு, போர்டு எழுதுகிற கடையில் கிடைக்கும் நுரை பிளாஸ்டிக் ஷீட். வாசலில் நின்று பார்த்தால் ஜம்மென்று இருக்கும். கிட்டே போனால் சாமான் வைக்கும் லாக்கர் கதவு ஒவ்வொன்றும் கோயில் கதவு கனத்துக்குத் தெரியும். இரண்டாவது ஸ்டைரீன், மாடல் செய்கிறவர்களின் மெல்லிய கெட்டி பிளாஸ்டிக் ஷீட். எல்லாம் ஒழுங்காக வந்தது, கூரை மேல் இருக்கும் ஏணி மட்டும் சித்திரை வெயிலில் நடுவில் தொங்கிவிட்டது. மூன்றாவது வண்டிக்கு இன்னும் இடப்பக்கக் கதவு மாட்டவில்லை. அதுதான் அத்தானுக்குப் போக வேண்டியது. முதல் இரண்டும் அதைக் கற்றுக்கொள்ள நான் கட்டிய ஃபீஸ்.

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். தீயணைப்போர் ஓட்டி. மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். சால்வையும் சுவர்க்கடிகாரமும் எப்படியும் வந்துவிடும், அவர் வருஷக்கணக்காக ஓட்டிய வண்டியைச் சின்னதாகச் செய்து கொடுப்போம் என்று நான்தான் வாயை விட்டேன். விட்டதும் ஆளாளுக்கு யோசனை. மரக்கடை ஆசாரி, "தேக்குல செய்யும் வே, உம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றார். மலைக்கு அந்தப்பக்கம் புனலூரில் மினியேச்சர் பஸ் செய்கிற பையன், "ஃபோரெக்ஸ் மதி சேட்டா, வேற ஒண்ணும் வேண்டா" என்றான். சென்னையில் இருக்கும் அக்கா மகன் போனில் சிரித்தான்: "மாமா, இந்தக் காலத்துல யாரு கையால வெட்டுறா? 3டி பிரிண்ட் போட்டுருவோம்."

மூன்று பேச்சையும் கேட்டு, மூன்றிலும் கொஞ்சம் காசைக் கரைத்த பிறகு ஒன்று பிடிபட்டது. எந்தப் பொருளில் செய்வது என்பது மூன்றாவது கேள்வி. எந்த வண்டி, எந்த அளவு என்ற இரண்டும் அதற்கு முன்னால் நிற்கின்றன. நான் தலைகீழாக ஆரம்பித்தேன்.

பழைய வண்டியா, புது வண்டியா

இப்போது நிலையங்களுக்கு வரும் புது வண்டிகளைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அலுமினிய ஷட்டர், பெரிய ஒற்றைக் கண்ணாடி, பளபளவென்று ஸ்டிக்கர். ஆனால் அந்தக் கேபின் அச்சில் அழுத்தி எடுத்தது. முகப்புக் கண்ணாடி இடவலமாகவும் வளையும், மேல்கீழாகவும் வளையும். தட்டையான ஷீட் ஒரு திசைக்கு வளைந்து கொடுக்கும். இரண்டு திசைக்கும் சேர்த்து வளை என்றால் சுருங்கி மடியும். அதற்கு மரக்கட்டையில் உருவம் செதுக்கி, சூடாக்கிய பிளாஸ்டிக்கை அதன் மேல் இறக்கி எடுக்க வேண்டும். அது தனித் தொழில்.

பழைய வண்டியின் சங்கதி வேறு. நம் லாரிகள் பல காலம் கம்பெனியிலிருந்து சேசிஸும் (இன்ஜினும் சக்கரமும் மாட்டிய அடிச்சட்டம்) முகப்புமாக மட்டும்தான் வெளியே வந்தன. மிச்சத்தைக் கரூரிலோ திருச்செங்கோட்டிலோ பட்டறையில் மரச்சட்டம் போட்டுத் தகடு அடித்துக் கட்டினார்கள். தீயணைப்பு வண்டியிலும் சேசிஸ் டாடாவோ அசோக் லேலண்டோ கொடுப்பது. டேங்க், பம்பு, லாக்கர், ஏணி தாங்கி எல்லாம் தனியாக பாடி கட்டுகிறவர் வேலை. தகட்டை வெட்டி, மடக்கி, ஆங்கிள் வைத்துச் சேர்த்தது. மேசையில் நாம் செய்யப்போவதும் அதே வேலைதான். அவர் கை போன வழியில் நம் கையும் போகலாம். அதனால் முதல் முறை செய்கிறவருக்கு என் ஓட்டு பழைய வண்டிக்கே.

அத்தான் ஓட்டியது டாடா எல்.பி.டி. 1613 சேசிஸ் மேல் கட்டியது, 4,500 லிட்டர் டேங்க். முகம் தட்டை, மூலைகள் மட்டும் உருண்டவை. அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஜெர்மன் உறவு உண்டு: 1954-ல் டெய்ம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் டாடா லாரி செய்ய ஆரம்பித்தது, அந்தக் கூட்டு 1969 வரை ஓடியது. வயசான டிரைவர்கள் இன்றைக்கும் "பென்ஸ் வண்டி" என்று சொல்வது அதனால்தான்.

கையால் கட்டிய வண்டியில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. நெட்டில் கிடைக்கும் வரைபடத்தை நம்பினால் லாக்கர் எண்ணிக்கையே தப்பும். நிலைய அலுவலரிடம் அனுமதி கேட்டு, ஒரு ஞாயிறு காலை டேப்போடு போய் அளந்தேன். நேரில் அளக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி: பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி நின்று, ஜூம் செய்து ஒரு படம் எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் வண்டி நடுவில் உப்பித் தெரியும். அந்தப் படத்திலேயே ஸ்கேல் இருக்கிறது, அதுதான் டயர். 10.00-20 என்று பக்கத்தில் அச்சிட்ட லாரி டயரின் முழு விட்டம் சுமார் 1,050 மி.மீ. பாரத்தில் கீழ்ப்பக்கம் அமுங்கியிருக்கும், ஆகவே மேல்கீழாக அளக்காமல் இடவலமாக அளந்து, மற்றதை எல்லாம் அதோடு விகிதம் போட்டுக்கொள்ளலாம்.

அளவு: கணக்கு டயரில் தொடங்குகிறது

டயரைக் கையால் செய்துவிடலாம் என்று சொல்கிறவர் இதுவரை டயர் செய்யாதவர். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு, ஸ்டெப்னி ஒன்று, ஆக ஏழு. ஏழும் அச்சு அசலாக ஒரே மாதிரி, துல்லியமான வட்டமாக இருக்க வேண்டும். நுங்கு வண்டி ஓட்டிய காலத்தில் கோணல் சக்கரம் நமக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. ஷோகேஸில் நிற்கிற வண்டியில் அரை மில்லி கோணல் இருந்தாலும் கண் நேராக அங்கேதான் போகும்.

1,050 மில்லியை அளவுகளால் வகுத்துப் பாருங்கள். 1:18 (நிஜத்தில் பதினெட்டில் ஒரு பங்கு) என்றால் டயர் 58 மி.மீ., 1:24 என்றால் 44, 1:32 என்றால் 33, 1:50 என்றால் 21. இந்த விட்டங்களில் எது உங்கள் ஊரில் கையில் கிடைக்கிறதோ அதுதான் உங்கள் அளவு. நான் முதல் வண்டியை 1:18 என்று மனசுக்குத் தோன்றியபடி தீர்மானித்து, உடம்பையெல்லாம் கட்டி முடித்துவிட்டு டயர் தேடினேன். 58 மில்லியில் எங்கும் அகப்படவில்லை. கடைசியில் ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி, டிரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு உப்புத்தாள் பிடித்தேன். ரப்பர் பிய்ந்து பிய்ந்து வந்தது. இன்றைக்கும் அந்த வண்டி செருப்புப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறது.

இரண்டாவது தடவை புத்தி வந்தது. குற்றாலம் சீசன் கடையில் ஒரு விளையாட்டு லாரி, டயர் 43 மில்லி, ஓரத்தில் வரி வரியாகப் பட்டன்கூட (நிஜ டயரில் தெரியும் மேடுபள்ளம்) இருந்தது. மில்லி அளக்கும் வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டு பொம்மைக்கடையில் நிற்பது கொஞ்சம் வெட்கம்தான். இரண்டு லாரி வாங்கிப் பிரித்தேன், அளவு 1:24 என்று முடிவாகிவிட்டது. ஒரு மில்லி வித்தியாசத்தை யாரும் கேட்கப்போவதில்லை. மாடல் உலகத்தில் 1:24-ம் 1:25-ம் பக்கத்துப் பக்கத்து வீடு.

பொம்மை கிடைக்காவிட்டால் லேத். கறுப்பு நைலான் ராடில் ஏழு வட்டம் கடைந்து, பட்டன் வரியையும் அதிலேயே இழுத்துத் தருவார்கள். வட்டம் என்றால் அதுதான் வட்டம். செலவு பொம்மையைவிடக் கூட, ரப்பரின் மங்கல் நிறமும் வராது. மேலே லேசாக மேட் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும். வளைகிற டி.பி.யு. பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் போடுவது மூன்றாவது வழி. அடுக்குக் கோடு தெரியும், அந்தப் பிளாஸ்டிக் உப்புத்தாளுக்கு லேசில் மசியாது. நான் இந்த மூன்றில் பொம்மை, லேத், பிரிண்ட் என்ற வரிசையில்தான் போவேன்.

1:24-க்கு இன்னொரு சாதகம், வீட்டில் இடம். எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த வண்டி 32 சென்டிமீட்டர் வரும், அகலம் பத்து. சாதாரண ஷோகேஸ் தட்டில் உட்காரும். 1:18 என்றால் 43 சென்டிமீட்டர். அக்கா டிவி மேசையில் ஏற்கெனவே இடமில்லை. 1:50 உள்ளங்கையைத் தாண்டிக் கொஞ்சம் நீளும், அழகுதான், ஆனால் நாற்பது தாண்டிய கண்ணுக்குப் பம்பு மீட்டர் எழுத முடியாது. 1:32 நடுவில் நிற்கிற நல்ல அளவு. டயர் கிடைத்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

சன்போர்டா, ஸ்டைரீனா, தேக்கா

புனலூர் பையன் சொன்ன ஃபோரெக்ஸும் தென்காசி போர்டுக் கடையில் சன்போர்டு என்று கேட்டால் கொடுப்பதும் ஒரே சரக்குதான்: நுரை போல் ஊதிய பி.வி.சி. ஷீட். புளியரை செக்போஸ்டைத் தாண்டினால் பெயர் மாறும், பொருள் மாறாது. கேரளத்தில் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸைச் சின்னதாகச் செய்கிற பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 'ஆனவண்டி' என்று கொஞ்சுகிற அந்த பஸ்ஸை ஜன்னல் கம்பி, கண்டக்டர் பெல் கயிறு வரை செய்வார்கள், பெரும்பாலும் இந்த ஷீட்டில்தான். எட்டுக்கு நாலடி ஷீட், மூன்று மில்லி, பிளேடு போட்டு இரண்டு இழுப்பில் அறுந்து வரும். ஃபெவிகுயிக் ஒரு சொட்டு விட்டால் நொடியில் பிடித்துக்கொள்ளும். வெந்நீரிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் வளையும். விலையும் மலிவு: இறக்குமதி ஸ்டைரீன் பாக்கெட் இரண்டு வாங்குகிற காசுக்கு ஒரு முழு ஷீட்டே வந்துவிடும்.

அப்புறம் ஏன் முதல் வண்டி கோயில் கதவு ஆனது? அது 1:18 வண்டி. மூன்று மில்லியை 18-ஆல் பெருக்குங்கள், 54 மில்லி. நிஜ வண்டியில் லாக்கர் கதவுத் தகடு இரண்டு மில்லிகூட இருக்காது, மடிப்போடு சேர்த்தாலும் இரண்டு விரல் கனம். மாடலில் கதவைத் திறந்து வைத்தால் இரண்டங்குல மரப்பலகை திறந்த மாதிரி இருக்கும். பஸ்ஸில் இது தெரியாது, அதன் அழகு ஜன்னலிலும் நிறத்திலும் இருக்கிறது. தீயணைப்பு வண்டி என்பது சுற்றிலும் கதவு வைத்த பீரோ. அதன் அழகே திறந்து பார்ப்பதில்தான் இருக்கிறது. பையன் சொன்னது அவன் வண்டிக்குச் சரி.

சன்போர்டின் இன்னொரு குணம், வெட்டிய ஓரத்தில் நுரைக்கண் தெரியும். என்.சி. புட்டி (பட்டறையில் பள்ளம் நிரப்பும் பசை) தடவித் தேய்க்க வேண்டும், காய்ந்ததும் கொஞ்சம் உள்வாங்கும், மறுபடி தடவ வேண்டும். நகம் பட்டால் பள்ளம் விழும். ஃபெவிகுயிக் நொடியில் பிடிப்பது வரம்தான், கோணலாக வைத்துவிட்டால் அதுவே சாபம்.

ஸ்டைரீன் பொறுமைசாலிகளின் பொருள். கால் மில்லி, அரை மில்லி, ஒரு மில்லி என்று கிடைக்கும். கத்தியால் ஒரு கோடு கீறி மடக்கினால் கோட்டிலேயே படக்கென்று ஒடியும். பசை என்று தனியாக எதுவும் ஒட்டுவதில்லை. மெல்லிய கரைப்பான் திரவத்தைத் தூரிகையில் தொட்டு ஓரத்தில் வைத்தால் இடுக்கில் தானே ஓடி, இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். வெல்டிங் மாதிரி. பிடிப்பதற்குள் நகர்த்திச் சரிசெய்ய நேரமும் கிடைக்கும். அரை மில்லி ஷீட் 1:24-ல் 12 மில்லிக்குச் சமம். ஓரத்தை உள்பக்கம் சாய்வாகத் தேய்த்துவிட்டால் கண் அதைத் தகடு என்றே நம்பும். எவர்கிரீன் கம்பெனியின் சன்னமான பட்டைகள், குழாய்கள், எல் வடிவச் சட்டங்கள் கிடைத்தால் பாடி கட்டுகிறவரின் ஆங்கிள் பட்டறையே உங்கள் மேசைக்கு வந்த மாதிரி. விலைதான் இடிக்கும்.

வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை. ஆன்லைனில் ஒரு கடையில் ஸ்டைரீன் என்று வாங்கியது கெட்டி பி.வி.சி.யாக இருந்தது. கடைப் பெயர் வேண்டாம். திரவம் ஓடியது, பிடிக்கவே இல்லை. இரண்டு நாள் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டி, திறந்த வெளியில் பற்றவைத்துப் பாருங்கள். ஸ்டைரீன் கறுத்த புகையும் கரித்தூளுமாக விடாமல் எரியும், பி.வி.சி. தீயை எடுத்ததும் அணைந்துபோகும், மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள். தீயணைப்பு வண்டி செய்ய உட்கார்ந்தவன் வாசலில் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதைப் பார்த்து அக்கா சொன்னதை இங்கே எழுத முடியாது.

தேக்கு விஷயத்தில் ஆசாரியிடம் சண்டை போட மனசில்லை. செங்கோட்டை மரக்கடைகளில் துண்டுத் தேக்கு சும்மாவே கிடைக்கும், கையில் எடுத்தால் கனம் ஒரு மரியாதை தரும். ஆனால் மரத்தின் ரேகை சின்னதாக மாட்டேன் என்கிறது. சீலர் அடித்து, புட்டி போட்டு, தேய்த்து, மறுபடி அடித்தாலும் ஒரு மழைக்காலம் போனதும் சிவப்புக்குக் கீழே ரேகை எழுந்து நிற்கும். பெயின்டே அடிக்காமல், தேக்கு தேக்காகவே தெரிகிற ஒரு வண்டி செய்வதென்றால் ஆசாரியைவிடச் சிறந்த ஆள் இல்லை. அது வேறு கலை. விவரமான மாடலுக்கு மரத்தை நான் அடிப்பலகைக்கும், உருண்ட மூலைகளைத் தேய்த்தெடுக்கும் கட்டைக்கும் மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வண்டியில் செய்தது கலப்படம். கண்ணில் படாத டேங்க் பெட்டி, கேபின் தரை, லாக்கர் உள்தடுப்பு எல்லாம் சன்போர்டு. வெளித்தோல் முழுக்க அரை மில்லி ஸ்டைரீன். இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து சேராது, ஆகவே இடையில் கான்டாக்ட் பசையை மெல்லிசாக, அதுவும் ஆறவிட்டு. ஈரமாக ஒட்டினால் அதிலிருக்கும் கரைப்பான் ஸ்டைரீனை இளக்கி அலை அலையாக்கிவிடும். செலவு பாதியானது, கதவு கதவாக இருக்கிறது.

கேபினுக்கு வழி

ரெடிமேட் கிட்டை வெட்டி மாற்றுவது இங்கே உதவாது. ரெவல் 1:24-ல் ஷ்லிங்மான் பாடி கட்டிய ஜெர்மன் தீயணைப்பு வண்டி போட்டிருக்கிறது, ஏ.எம்.டி. கம்பெனி 1:25-ல் அமெரிக்கன் லாஃபிரான்ஸ் போட்டிருக்கிறது. பிரமாதமான கிட்டுகள். அதன் மேல் சிவப்படித்து 1613 என்று சொன்னால் அத்தான் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

3டி பிரிண்டை நான் முதலில் எள்ளி நகையாடினேன், பிறகு பாதிக்கு இறங்கி வந்தேன். கேபினை மருமகனே கம்ப்யூட்டரில் வரைந்தான். நான் அடி, அங்குலத்தில் அளந்து கொடுத்ததை 24-ஆல் சுருக்கி, அங்குலத்திலேயே வரைந்து அனுப்பிவிட்டான். பிரிண்டுக்குப் போகும் எஸ்.டி.எல். ஃபைலில் அலகு என்று ஒன்று கிடையாது, வெறும் எண்தான் இருக்கும். பிரிண்ட் போடுகிறவர்கள் அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். "சார், கேபின் கொண்டைக்கடலையை விடச் சின்னதா வருதே, போடவா?" என்று போன் வந்தபோது மூன்று பேரும் சிரித்தோம். நல்லவேளை, கேட்டார்கள்.

சரியான அளவில் வந்த கேபினில் உருண்ட மூலைகள் அழகாக இருந்தன. தட்டையான பக்கங்களில்தான் அடுக்குக் கோடு. ப்ரைமர் அடித்து, தேய்த்து, மறுபடி அடித்து, நான்கு ராத்திரி போயிற்று. அதே பக்கத்தை ஸ்டைரீனில் வெட்ட அரைமணி. அதனால் இப்படிப் பிரித்துக்கொண்டேன்: வளைவும் சுழற்சியும் உள்ளது பிரிண்ட், தட்டையானது கத்தி. மூலைகள், சக்கரத்தின் நடுக்குடம், சைரன், சுழல்விளக்கு, பிராஞ்ச் பைப் (தண்ணீர் பீய்ச்சும் முனைக்குழாய்), கப்ளிங் (ஹோஸை மாட்டும் இணைப்பு) எல்லாம் ரெசின் பிரிண்ட். 63 மில்லி டெலிவரிக் கப்ளிங் 1:24-ல் இரண்டரை மில்லிக்குச் சற்றே அதிகம். அதன் காது இரண்டையும் கையால் செதுக்குகிற பொறுமை எனக்கில்லை. அதே அளவு ஹோஸைத் தட்டையாக மடித்தால் நிஜத்தில் அரைச் சாண் அகலம் வரும், மாடலில் நாலு மில்லி. ஆஸ்பத்திரித் துணிப் பிளாஸ்டரை நாலு மில்லிப் பட்டையாக வெட்டிச் சுருட்டினால் அச்சு அசல். அதற்கு எந்தப் பிரிண்டரும் வேண்டாம்.

ஏணி

இதில் மட்டும் போட்டியே இல்லை: பித்தளை. 35 அடி நீட்டிப்பு ஏணி, மடித்து வைத்தால் மாடலில் கால் மீட்டர் நீளம். இவ்வளவு நீளமும் மெலிவுமாக ஸ்டைரீனில் செய்து இரண்டு முனையில் மட்டும் தாங்கல் கொடுத்தால் தன் கனத்திலேயே நாளடைவில் தொங்கும், வெயில் பட்டால் சீக்கிரம். ரெசினும் நீளத்தில் முறுக்கிக்கொள்ளும். பித்தளைக் கம்பி வாங்கி, தேக்குத் துண்டில் ஆணி வரிசை அடித்து (ஆசாரியின் தேக்கு இங்கே உதவியது), ஆணிகளுக்கு நடுவே கம்பிகளைக் கிடத்தி, ஃப்ளக்ஸ் தடவி ஒவ்வொரு படியாக ஈயம் வைத்தேன். ஒரு படியில் ஈயம் வைக்கும்போது பக்கத்துப் படி இளகிக் கழன்றது. ஈரப்பஞ்சை மேலே போட்டு பக்கத்துப் படியைக் குளிரவைத்துக்கொண்டே போக வேண்டும் என்று டிவி மெக்கானிக் ஒருவர் சொல்லித் தந்தார். இரண்டு ராத்திரி வேலை. மேசையில் தட்டினால் டிங் என்கிறது.

பெயின்ட்: ஸ்ப்ரே டப்பாவா, பட்டறையா

பட்டறையில் டிங்கரிங் அண்ணாச்சி கார் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றார். காருக்கு ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட் கெட்டி, மேலே கிளியர் வேறு. கதவு இடுக்கெல்லாம் நிரம்பி, செய்த கோடுகள் மழுங்கும். ஏர்பிரஷ் இருந்தால் அதுதான் உத்தமம். இல்லாவிட்டால் நல்ல ஸ்ப்ரே டப்பாவை முதல் இரண்டு கோட் தூசி மாதிரி தூரத்திலிருந்து தூவுங்கள். ஈரமாகக் கொட்டினால் தின்னர் ஸ்டைரீனைக் கடித்து முகம் முழுக்கச் சுருக்கம் விழும்.

சிவப்பு அடியில் உள்ளதை முழுசாக மூடாத நிறம். சாம்பல் ப்ரைமர் மேல் அடித்தால் அழுக்குச் சிவப்பாக நிற்கும். வெள்ளையோ இளஞ்சிவப்போ அடியில் அடித்தால்தான் எரியும். எந்தச் சிவப்பு என்பதற்கு இந்தியத் தர நிர்ணய வண்ண அட்டை, ஐ.எஸ். 5, மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது: 536 ஃபயர் ரெட், 537 சிக்னல் ரெட், 538 போஸ்ட் ஆபீஸ் ரெட். பெயின்ட் கடையில் எண் சொல்லிக் கேட்டால் கலந்து தருவார்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கடம், சாரல். ஆனி ஆடியில் கணவாய்க் காற்றோடு நாள் முழுக்கப் பொழியும். அந்த நாட்களில் என்.சி. லாக்கர் அடித்தால் சிவப்பின் மேல் பால் தெளித்த மாதிரி வெள்ளை பூக்கும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. ரிடார்டர் கலந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தலாம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற நாளில் டப்பாவைத் தொடாமல் இருப்பது அதைவிட மலிவு.

எழுத்துக்கு வீட்டு பிரிண்டரில் அச்சடித்த டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஆகாது, பிரிண்டரில் வெள்ளை மை இல்லை. ஸ்டிக்கர் கடை வினைலில் நாலு மில்லித் தமிழ் எழுத்தை வெட்டினால் 'ணை'யின் சுழி பிய்ந்து வருகிறது. பெரிய எழுத்தை வினைலிலும், சின்னதைச் சிவப்பைப் பின்னணியாகச் சேர்த்து அச்சடித்த டெக்காலிலும் ஒட்டினேன். சிவப்போடு சிவப்பு முழுசாகச் சேரவில்லை. கண்ணாடிக்குள் தெரியாது.

போன வாரம் அத்தானுக்குத் தெரியாமல் வைத்திருந்ததை அக்காவே காட்டிக்கொடுத்துவிட்டாள். வந்து உட்கார்ந்தவர் கேபினைப் பார்க்கவில்லை, டயரையும் பார்க்கவில்லை. நேரே பின்னால் போய் பம்பு பேனலைக் குனிந்து பார்த்தார். மீட்டர் மூன்றையும் விரலால் தொடாமல் எண்ணினார். பிறகு நகத்தால் வலப்பக்க நடு லாக்கரைத் திறந்தார். உள்ளே ஹோஸ் சுருள் ஆறு, பிராஞ்ச் இரண்டு.

"இங்க மேல்தட்டுல கயிறு இருக்கும்லா மாப்ளே. மணிலாக் கயிறு. கெணத்துல எறங்க அதத்தான எடுப்போம்."

நிஜக் கயிற்றின் கனத்தை 24-ஆல் வகுத்தால் அரை மில்லிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. தையல் நூலை மூன்று இழையாகத் திரித்துப் பார்த்தேன், மினுமினுக்கிறது, பஞ்சு பிசிறுகிறது. சந்தையில் பூக்கட்டும் வாழைநார் ஒரு கட்டு வாங்கி வந்து, ஊறவைத்து, ஊசியால் கிழித்து இரண்டு இழை திரித்தேன். நிறம் அப்படியே மணிலா. ஆச்சரியமும் இல்லை, மணிலாக் கயிறு அபாக்கா என்ற வாழைச் சாதியின் நாரில் திரிப்பதுதான். காய்ந்தால் ஒடியுமோ என்று ஒரு துண்டில் நீர்த்த ஃபெவிகால் தடவி ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நாளைக்குத் தெரியும்.